மேல் போர்ஷனை வாடகைக்கு விட்டிருக்கும் வீட்டுக்காரர்களுக்கு

அன்புள்ள ஐயா, அம்மா,

சென்னையில் பதினெட்டு வருடமாக வாடகை வீட்டில் இருக்கிறேன். நங்கநல்லூர், மடிப்பாக்கம், கொளத்தூர், இப்போது அம்பத்தூர். நான்கு வீடுகளும் மொட்டை மாடிக்கு நேர் கீழே. மேல் போர்ஷனுக்கு வாடகை ஐநூறோ ஆயிரமோ குறைவாக இருக்கும். வெளிச்சமும் காற்றும் பிய்த்துக்கொண்டு வரும் என்று புரோக்கர் சொல்வார். நாங்களும் தை மாதத்தில் வீடு பார்த்து, ஜன்னல் வழியே வந்த குளிர்காற்றை நம்பி அட்வான்ஸ் கொடுத்துவிடுவோம். பங்குனி பிறந்த பிறகுதான் வீடு தன் குணத்தைக் காட்டும்.

என் நான்கு வீட்டுக்காரர்களிடமும் கூரைச் சூட்டைப் பற்றி நேரில் பேசியிருக்கிறேன். மூன்று பேர் சிரித்துக்கொண்டே, "மெட்ராஸ்னா வெயில்தாம்மா" என்று சொல்லி அனுப்பினார்கள். ஒரு அம்மா மட்டும் உட்காரச் சொல்லி, காபி கொடுத்து, முழுதாகக் கேட்டார். அவர் கேட்டதால் நடந்ததை மற்ற எல்லோருக்கும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இந்தக் கடிதம்.

மே மாதத்து இரவு பத்து மணியை நினைத்துப் பாருங்கள். தெருவில் இறங்கி நின்றால் கடல் காற்று அடிக்கிறது. கீழ் வீட்டில் நீங்கள் விசிறியைப் போட்டுக்கொண்டு தூங்கப் போய்விட்டீர்கள். மேலே எங்கள் அறையில் ஸ்டூல் போட்டு ஏறி சீலிங்கில் கை வைத்தால், இட்லிப் பானையை இறக்கிக் கால் மணி நேரம் ஆன சூடு இருக்கும். சுற்றுகிற விசிறி அந்தச் சூட்டைத்தான் அள்ளி அள்ளிக் கீழே போடுகிறது. தலையணை சுடும். பீரோவைத் திறந்தால் உள்ளே இருக்கும் துணி சுடும். குழாயைத் திறந்தால், மேலே நாள் முழுக்க வெயிலில் கிடந்த கறுப்பு டேங்க்கிலிருந்து வெந்நீர் வரும்.

என் அம்மா கடைசிக் காலத்தில் எங்களோடுதான் இருந்தார். மடிப்பாக்கம் வீட்டில் அவர் தரையில் ஈரத் துண்டை விரித்து, அதன்மேல் படுப்பார். துண்டு காய்ந்ததும் எழுந்து நனைத்து மறுபடி விரிப்பார். இரண்டு மணிக்கு மேல் அதுவும் முடியாமல், கதவைச் சத்தமில்லாமல் திறந்துகொண்டு போய் மாடிப்படியில் உட்கார்ந்துவிடுவார். காலையில் பால் வாங்க வெளியே வந்த வீட்டுக்காரர், "பெரியம்மா ஏன் படியிலேயே உட்கார்ந்திருக்காங்க?" என்று கேட்டார். அக்கறையோடுதான் கேட்டார். அவருக்கு உண்மையிலேயே தெரியவில்லை. அவர் கட்டிய வீடு, முப்பது வருடமாக அவர் வாழும் வீடு. ஆனால் அந்த வீட்டின் மேல் அறையில் ஒரு கோடை இரவைக்கூட அவர் கழித்ததில்லை.

ஏன் மேல் வீடு மட்டும் இப்படி ஆகிறது? சென்னை பூமத்திய ரேகைக்கு வடக்கே 13 டிகிரியில் இருக்கிறது. ஏப்ரல் 24 வாக்கில் ஒருமுறை, ஆகஸ்ட் 18 வாக்கில் இன்னொரு முறை, நண்பகல் சூரியன் நம் உச்சந்தலைக்கு நேர் மேலே வந்து நிற்கும். கம்பத்துக்கு நிழல் காலடியில் ஒடுங்கிவிடும். அந்த மாதங்களில் கிழக்குச் சுவர் காலையில் கொஞ்ச நேரமும், மேற்குச் சுவர் மாலையில் கொஞ்ச நேரமும் வெயில் வாங்கும். கூரை மட்டும் விடிந்ததிலிருந்து பொழுது சாயும் வரை இடைவிடாமல் வாங்கும். உச்சி வெயிலில் ஒரு சதுர மீட்டரில் விழும் வெப்பம் ஆயிரம் வாட்டை நெருங்குகிறது. அறுநூறு சதுர அடி மாடி என்றால் மொத்தமாகச் சுமார் 55 கிலோவாட். நாங்கள் தவணையில் வாங்கி மாட்டியிருக்கும் ஒன்றரை டன் ஏசி ஓர் அறையிலிருந்து வெளியேற்றும் வெப்பம் 5 கிலோவாட்டுக்குக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். விழுவதெல்லாம் உள்ளே இறங்கிவிடாது. பெரும்பகுதி காற்றோடும் வானத்தோடும் திரும்பிப் போய்விடும். மிஞ்சி இறங்குவதே எங்களுக்குப் போதும் போதும் என்றாகிவிடுகிறது.

நாலு, ஐந்து அங்குலக் கான்கிரீட் தளத்துக்கு ஒரு குணம் உண்டு. அது சூட்டை உடனே கீழே விடாது. பகலெல்லாம் குடித்து வைத்துக்கொண்டு, சில மணி நேரம் கழித்து மெதுவாக இறக்கும். அதனால் வெளியே வெயில் தாழ்ந்த பிறகுதான் உள்ளே சீலிங் உச்சச் சூட்டுக்கு வரும். வேலைக்குப் போனவர்கள் திரும்பி, பிள்ளைகள் படிக்க உட்கார்ந்து, அடுப்பு எரிகிற நேரம் அது.

இந்தச் சூட்டைப் பற்றி நம் ஊர்க் கொத்தனார்களுக்குத் தெரியாமல் இருந்ததில்லை. மயிலாப்பூரிலும் திருவல்லிக்கேணியிலும் இன்னும் நிற்கும் பழைய மெட்ராஸ் டெரஸ் வீடுகளில் தேக்கு உத்திரங்களுக்கு மேல் சிறு செங்கற்களைச் சாய்த்து அடுக்கி, சுண்ணாம்புக் காரை போட்டு, அதன்மேல் தட்டோடு பதித்திருப்பார்கள். சில மாடிகளில் மண்பானைகளைக் கவிழ்த்து அடுக்கி, இடையில் காற்றை அடைத்து, மேலே தளம் போட்டிருக்கிறார்கள். கான்கிரீட் வந்த பிறகும் பல வருடங்கள் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கடுக்காய்த் தண்ணீரும் சேர்ந்த சுர்க்கி போட்டு, மேலே தட்டோடு பதிப்பது வழக்கமாக இருந்தது. பிறகு அவசரம் வந்தது, சதுர அடிக் கணக்கு வந்தது. "மேல ஒரு மாடி எடுக்கப் போறோம், இப்போதைக்கு சிமெண்ட் பூச்சு போதும்" என்ற பேச்சு வந்தது. எடுக்கப் போகிற அந்த மாடி பத்து, பதினைந்து வருடமாக வராத வீடுகளில்தான் நான் பெரும்பாலும் குடியிருந்திருக்கிறேன்.

இனி பணத்துக்கு வருகிறேன். கூரை உங்கள் சொத்து. அந்தக் கூரை குடிக்கும் வெயிலுக்குக் கரண்ட் பில் கட்டுகிறவர்கள் நாங்கள். கூரையைத் தொட எங்களுக்கு உரிமை இல்லை, தொட வேண்டிய அவசியம் உங்களுக்கு இல்லை. இப்படியே வருடங்கள் ஓடுகின்றன.

தமிழ்நாட்டில் வீட்டு மின்கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கிடப்படுகிறது. முதல் 100 யூனிட் இலவசம். அதன்பின் படிப்படியாக ஏறும். 2022 செப்டம்பரில் வந்த கட்டணத்தை எடுத்துக்கொள்வோம். அதற்குப் பிறகு விலை இன்னும் ஏறியிருக்கிறது, என்றாலும் படிகளின் அமைப்பு அதேதான். அந்தக் கணக்கில் சரியாக 500 யூனிட் ஓடினால் பில் 1,725 ரூபாய். 500-ஐத் தாண்டிவிட்டால், தாண்டிய யூனிட்டுக்கு எட்டு ரூபாய் என்பதோடு நிற்காது. 101 முதல் 200 வரை இரண்டேகால் ரூபாயாக இருந்த சலுகை விலையும் பறிபோய், அந்த நூறு யூனிட்டும் நாலரை ரூபாயாகிவிடும். 501-ஆவது யூனிட் ஒன்றுக்கு மட்டும் பில் 233 ரூபாய் எகிறும். 560 யூனிட் ஓடினால் 2,430 ரூபாய். 500-க்கும் 560-க்கும் நடுவே 705 ரூபாய் வித்தியாசம்.

இந்த 60 யூனிட் என்பது என்ன? அறுபது நாளுக்கு நாளொன்றுக்கு ஒரே ஒரு யூனிட். ஒன்றரை டன் ஏசி முழு வேகத்தில் ஒரு மணி நேரம் ஓடினால் ஏறக்குறைய ஒன்றரை யூனிட் இழுக்கும். அதாவது இரவில் ஏசி முக்கால் மணி நேரம் குறைவாக ஓடினால் போதும், அந்த எழுநூறு ரூபாய் எங்கள் கையில் நிற்கும். எழுநூறு ரூபாய் எங்களில் பலருக்குப் பிள்ளையின் டியூஷன் பணம், இல்லையென்றால் சிலிண்டர் பணத்தில் பெரும்பகுதி.

அந்த முக்கால் மணி நேரத்தை நாங்கள் குறைக்கப் பார்க்காமல் இல்லை. ஏசியை 24-இல் வைக்கச் சொல்கிறார்கள். எரிசக்திச் சிக்கனத்துக்கான மத்திய அமைப்பு, ஒரு டிகிரி ஏற்றி வைத்தால் ஏறக்குறைய ஆறு சதவீதம் மின்சாரம் மிச்சமாகும் என்கிறது. 2020 ஜனவரியிலிருந்து புது ஏசிகள் போட்டவுடனே 24-இல்தான் தொடங்கும். நல்ல ஆலோசனை. கீழ் வீட்டில் அது பலிக்கும். மேல் வீட்டில் காற்று 24 டிகிரிக்கு வந்தாலும் தலைக்கு மேலே பத்துக்குப் பன்னிரண்டு அடிச் சூடான பலகை ஒன்று உடம்பை நோக்கி வெப்பத்தை வீசிக்கொண்டே இருக்கும். அடுப்பங்கரையில் விசிறி போட்டுக்கொண்டாலும் முகத்தில் அனல் தெரிகிறதே, அதே சங்கதி. அதனால்தான் மேல் வீட்டுக்காரர்கள் ஏசியை 20-க்கும் 18-க்கும் தள்ளுகிறார்கள். "சும்மா சும்மா ஏசி போடறாங்க" என்று எங்களைப் பற்றிச் சொல்வது காதில் விழுந்திருக்கிறது. அது ஊதாரித்தனம் இல்லை அம்மா, சீலிங் அப்படிச் செய்ய வைக்கிறது.

விசிறியிலும் எங்களால் ஆனதைச் செய்கிறோம். பழைய விசிறி 75 வாட் இழுக்கும். இப்போது வரும் பிஎல்டிசி விசிறி 30 வாட்டில் அதே காற்றைத் தரும். நாளுக்குப் பதினாறு மணி நேரம் ஓடும் ஒரு விசிறியை மாற்றினாலே இரண்டு மாதத்தில் 43 யூனிட் மிச்சம். நான் இரண்டு விசிறி வாங்கி, வீடு மாறும்போதெல்லாம் கழற்றிக்கொண்டு போகிறேன். மேற்கு ஜன்னலுக்கு வெளியே மூங்கில் தட்டி கட்டினால் மாலை வெயில் கண்ணாடியைத் தொடாது. உள்ளே போடும் திரையைவிட வெளியே கட்டும் தட்டி எவ்வளவோ மேல், ஏனென்றால் திரை, உள்ளே வந்துவிட்ட சூட்டைத்தான் மறைக்கும். ஆனால் சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறதே! வெட்டிவேர்த் தட்டியை நனைத்துக் கட்டச் சிலர் சொல்வார்கள். மதுரை, திருச்சி, வேலூர் போன்ற காய்ந்த காற்றுள்ள ஊர்களில் அது அருமையாக வேலை செய்யும். சென்னைக் கடற்கரைப் புழுக்கத்தில் ஈரத்தை ஈரத்தோடு சேர்ப்பதாகத்தான் ஆகும், ஏர் கூலரும் அப்படியே. எதைச் செய்தாலும் சூடு வருகிற வழி தலைக்கு மேல் திறந்தே கிடக்கிறது. அதை அடைக்க உங்களால்தான் முடியும்.

காபி கொடுத்து முழுதாகக் கேட்ட அந்தக் கொளத்தூர் வீட்டுக்காரம்மாவின் கதைக்கு வருகிறேன். கணவர் போன பிறகு குடும்ப ஓய்வூதியத்திலும் எங்கள் வாடகையிலும் காலம் தள்ளியவர். பெரிய செலவு என்றால் பயப்படுவார். அது நியாயமான பயம். மேல் போர்ஷனை வாடகைக்கு விடும் பலர் பணக்காரர்கள் இல்லை என்பது எனக்குத் தெரியும். பி.எஃப். பணத்தைக் கொட்டிக் கட்டிய மாடி, மாத்திரைச் செலவுக்கும் மகளின் சீருக்கும் அந்த வாடகையை நம்பியிருக்கும் குடும்பம். நான் அவரிடம் ஏசி கேட்கவில்லை, ஃபால்ஸ் சீலிங் கேட்கவில்லை. மாடியில் வெள்ளையடிக்க அனுமதி கேட்டேன்.

சாம்பல் நிறமாகிப் போன சிமெண்ட் தளம் தன்மேல் விழும் வெயிலில் மூன்றில் ஒரு பங்கைக்கூடத் திருப்பி அனுப்பாது. மே மாத மதியத்தில் அதன் மேற்பரப்பு 55, 60 டிகிரி வரை ஏறும். செருப்பில்லாமல் துணி எடுக்கப் போனவர்களுக்குத் தெரியும். நல்ல வெள்ளைப் பூச்சு புதிதாக இருக்கும்போது வெயிலில் ஏறக்குறைய முக்கால் பங்கை அப்படியே வானத்துக்குத் திருப்பிவிடும். அதே மதியத்தில் அதன்மேல் வெறுங்காலோடு நிற்கலாம். இதில் மாயமந்திரம் ஒன்றும் இல்லை. வெயிலில் போகும்போது கறுப்புச் சட்டை வேண்டாம், வெள்ளைச் சட்டை போட்டுக்கொள் என்று பிள்ளைக்குச் சொல்வதைத்தான் வீட்டுக்கும் செய்கிறோம்.

ஒரு கொத்தனாரைக் கூப்பிட்டு முதலில் விரிசல்களைப் பார்க்கச் சொன்னார் அந்த அம்மா. கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலையில் நீளமாக ஒரு விரிசல் இருந்தது, அதை அடைத்தார்கள். ஒழுகும் தளத்தின் மேல் வெள்ளையடிப்பதில் பயன் இல்லை, ஈரத்தை உள்ளே மூடி வைப்பதாகத்தான் முடியும். பிறகு மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றைத் தேர்ந்தெடுத்தோம். முதல் நாளே கிளிஞ்சல் சுண்ணாம்பை இரும்பு டிரம்மில் தண்ணீர் விட்டு நீற்றி வைத்தோம். அது கொதித்துத் தெறிக்கும், கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொண்டுதான் கிட்டே போக வேண்டும், பிள்ளைகளை மாடிப் பக்கமே விடக் கூடாது. மறுநாள் வடிகட்டி, வெள்ளை சிமெண்டும் ஃபெவிகால் போன்ற பசையும் கலந்துகொண்டோம். தளத்தைப் பெருக்கி, பாசியைச் சுரண்டி, தண்ணீர் தெளித்து நனைத்து, வெயில் தாழ்ந்த பிறகு நீளத் துடைப்பத்தால் முதல் கோட் இழுத்தோம். காய்ந்த தளத்தில், சுடுகிற வெயிலில் பூசினால் சுண்ணாம்பு பிடிக்காமல் மாவாக உதிர்ந்துவிடும். அடுத்த இரண்டு மாலைகளில் இன்னும் இரண்டு கோட். நானும் என் கணவரும் அந்த அம்மாவின் பேரனும் செய்தோம், அம்மா நாற்காலி போட்டு உட்கார்ந்து விடுபட்ட இடங்களைக் காட்டிக்கொண்டிருந்தார். பொருள் செலவு, ஒரு மாத வாடகையில் சிறு பங்குதான். டேங்க்குக்கும் மூன்று பக்கம் பழைய ஃபிளெக்ஸைக் கட்டி நிழல் செய்தோம்.

வித்தியாசம் சித்திரையில் தெரிந்தது. வெளியே அடித்த வெயில் அடித்ததுதான். உள்ளே வந்தால் தலைக்கு மேல் அனல் வீசவில்லை. ஒன்பது மணிக்கே போட்டுக்கொண்டிருந்த ஏசியைப் பதினொன்றுக்குப் போட்டோம். மூன்று மணிக்கு டைமர் அணைத்தால் விடியும் வரை அறை தாங்கியது. முன்பெல்லாம் அணைத்த இருபதாவது நிமிடம் எழுந்துவிடுவோம். அந்தக் கோடை முழுக்க என் அம்மா படியில் போய் உட்காரவில்லை.

அந்த வீட்டில் ஆறு வருடம் இருந்தோம். என் கணவருக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை கிடைத்ததால்தான் காலி செய்தோம். மேல் போர்ஷன்காரர்கள் ஒவ்வொரு கோடை முடிவிலும் ஏன் வீடு மாறுகிறார்கள் என்று நீங்கள் யோசித்திருந்தால், அதற்கான பதிலில் ஒரு பங்கு உங்கள் மாடியில் இருக்கிறது. காலியாகக் கிடக்கும் ஒரு மாதம், புரோக்கர் கமிஷன், பெயிண்ட் செலவு எல்லாம் சேர்த்துப் பாருங்கள், எத்தனை மூட்டை சுண்ணாம்பு வாங்கலாம்!

கூரைக்கும் இது நல்லது. பகலில் 60 டிகிரி வரை சுட்டு, இரவில் 30-க்கு இறங்கும் தளம் தினமும் விரிந்து தினமும் சுருங்குகிறது. திடீர் மழை விழும் நாளில் அந்தச் சுருக்கம் நிமிடங்களில் நடந்துவிடும். மூலைகளில் விரிசல் விழவும், ஐப்பசி, கார்த்திகை மழையில் அந்த வழியே தண்ணீர் இறங்கிக் கம்பியில் துரு ஏறவும் அது ஒரு முக்கியக் காரணம். தளம் குறைவாகச் சூடேறினால் இந்த இழுபறியும் குறையும்.

நீங்கள் சொல்லக்கூடிய மறுப்புகளை என் மூன்று வீட்டுக்காரர்களிடமே கேட்டுவிட்டேன். மழையில் கரைந்துவிடும் என்பார்கள். உண்மைதான், வடகிழக்குப் பருவமழை போன பிறகு சுண்ணாம்பு மங்கிவிடும், வருடம் ஒருமுறை அடிக்க வேண்டும். வருடா வருடம் முடியாது என்றால் வெயிலைத் திருப்பும் பெயிண்ட் கடைகளில் கிடைக்கிறது. விலை அதிகம், ஆனால் சில வருடங்கள் நிற்கும். வாங்கும்போது டப்பாவில் எஸ்.ஆர்.ஐ. என்ற எண்ணைக் கேட்டுப் பாருங்கள். கறுப்புக்குப் பூஜ்யம், நல்ல வெள்ளைக்கு நூறு என்ற அளவுகோல் அது. நூறை ஒட்டியிருந்தால் நல்ல பொருள், எண்ணே இல்லை என்றால் வெறும் வெள்ளை பெயிண்ட் என்று எடுத்துக்கொள்ளலாம். இன்னும் கொஞ்சம் செலவு செய்ய முடிந்தவர்கள் வெள்ளை டைல்ஸ் பதிக்கலாம், உடைந்த பீங்கான் சில்லுகளைப் பதிப்பதும் பழைய வழிதான். சிவப்புத் தட்டோடு பதித்த மாடியிலும் மேலே வெள்ளை பூசலாம், தடை ஒன்றும் இல்லை.

புழுதி படிந்து அழுக்காகும் என்பார்கள். ஆகும். அழுக்கான வெள்ளை வெயிலைக் குறைவாகத்தான் திருப்பும். கோடை தொடங்கும்முன் ஒருமுறை கழுவிவிட்டால் பெரும்பகுதி திரும்பிவிடும். மழை நாளில் வழுக்கும் என்பதும் சரி, நடக்கும் பாதையில் மட்டும் கொஞ்சம் மணல் தூவிப் பூசுங்கள். மாடி மழைநீரைச் சேமிக்கிறவர்கள் (2003-லிருந்து எல்லோரும் சேமிக்க வேண்டும் என்பதுதானே விதி) வெள்ளையடித்த பிறகு வரும் முதல் மழையை வெளியே விட்டுவிட்டு, அதற்கடுத்த மழையிலிருந்து தொட்டிக்குத் திருப்பலாம்.

மாடியில் சூரிய மின்தகடு வைக்க யோசித்துக்கொண்டிருக்கும் வீட்டுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. 2024-இல் வந்த மத்திய அரசுத் திட்டத்தில் மூன்று கிலோவாட் வரை வைத்தால் 78,000 ரூபாய் வரை மானியம் உண்டு. தகடுகளை ஆள் உயரத்துக்குத் தூக்கி மாட்டினால் அவை கூரைக்கு நிழலும் தரும், அடியில் காற்றும் ஓடும். மின்சாரம் உங்களுக்கு, நிழல் எங்களுக்கு. சண்டையே வராத பங்கீடு. அதற்கும் வசதி இல்லையென்றால் பச்சை வலைப் பந்தல்கூட உதவும், தளத்தை ஒட்டிப் போர்த்தாமல் இடைவெளி விட்டுக் கட்ட வேண்டும். தென்னங்கீற்றுக் கொட்டகை குளுமைதான். ஆனால் நெருக்கமான தெருக்களில் தீபாவளி ராக்கெட்டை நினைத்தால் நான் வேண்டாம் என்றே சொல்வேன்.

மொட்டை மாடிச் சாவியைப் பற்றியும் பேச வேண்டும். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது மாலையில் மாடியில் தண்ணீர் தெளிப்பது எங்கள் வேலை. தளம் சீறிக்கொண்டு ஆவி விடும். எட்டு மணிக்குப் பாய், தலையணையோடு மொத்தக் குடித்தனங்களும் மேலே வந்துவிடும். இப்போது மாடிக் கதவில் பூட்டு தொங்குகிறது. திருட்டுப் பயம், டேங்க் பயம், யாராவது விழுந்துவிடுவார்களோ என்ற பயம். புரிகிறது. தண்ணீர் தெளிப்பதும் இன்று சுலபமில்லை. 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டு, லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்ற எனக்கு, மாடியில் தண்ணீர் ஊற்றுங்கள் என்று சொல்ல மனம் வராது. வெள்ளையடித்த மாடிக்குத் தண்ணீர் வேண்டாம், அது பெரிய நிம்மதி. ஆனாலும் கரண்ட் இல்லாத மே மாத இரவில் மட்டுமாவது அந்தக் கதவைத் திறந்துவிடுங்கள்.

இன்னொன்று, சொல்லச் சங்கடமானது. ஒரே மின் இணைப்பில் இரண்டு, மூன்று குடித்தனங்களை வைத்து, சப் மீட்டர் மாட்டி, யூனிட்டுக்கு எட்டு ரூபாய், ஒன்பது ரூபாய் என்று வாங்கும் வழக்கம் இருக்கிறது. 100 யூனிட் இலவசம் ஒரு இணைப்புக்கு ஒருமுறைதான். எல்லோருடைய யூனிட்டும் ஒன்றாகக் குவிந்தால் எல்லோரும் மேல் படிக்குப் போய்விடுகிறோம். கீழ் வீட்டில் இருப்பவர் சிக்கனமாக இருந்தாலும் பயனில்லை. மேல் வீட்டுக்குத் தனி இணைப்பு வாங்கித் தருவது ஒருமுறைச் செலவு. கொளத்தூர் அம்மா அதையும் செய்தார். முதல் பில் வந்த நாளில் அட்டையை எடுத்துக்கொண்டு கீழே போய் அவரிடம் காட்டினேன், கண்ணாடியைப் போட்டு இரண்டு முறை படித்துப் பார்த்தார்.

மற்ற ஊர்களில் இது அரசு வேலையாகவே மாறிக்கொண்டிருக்கிறது. அகமதாபாத்தில் 2010 மே மாத வெப்ப அலையில் நிறையப் பேர் இறந்த பிறகு, 2013-இல் அந்த நகரம் வெப்பத்துக்கென்றே ஒரு செயல்திட்டம் வகுத்தது. பின்னால் குடிசைப் பகுதிகளின் தகரக் கூரைகளிலும் கான்கிரீட் கூரைகளிலும் வெள்ளை பூசத் தொடங்கினார்கள். இப்படிப் பூசிய வீடுகளில் அறையின் சூடு இரண்டிலிருந்து ஐந்து டிகிரி வரை குறைந்ததாகச் சொல்கிறார்கள். தெலங்கானா 2023-இல் குளிர்கூரைக் கொள்கை என்றே ஒன்றை அறிவித்து, அரசுக் கட்டடங்களுக்கும் பெரிய மனை வீடுகளுக்கும் அதைக் கட்டாயமாக்கியது. நம் மாநிலம் 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. புயலையும் வெள்ளத்தையும் பேரிடர் என்கிறோம், மேல் வீட்டில் மூச்சுத் திணறிக் கிடந்த இரவுகளுக்கும் அந்தப் பெயர் கிடைத்துவிட்டது. ஆனால் நம் வாடகை ஒப்பந்தங்கள் அப்படியே இருக்கின்றன. மோட்டார் போடும் நேரம், வண்டி நிறுத்தும் இடம், விருந்தாளி தங்கும் நாள் எல்லாவற்றுக்கும் அதில் வரி உண்டு. கூரைச் சூட்டுக்கு ஒரு வரி இல்லை. "ஒவ்வொரு மாசியிலும் மாடிக்கு வெள்ளையடித்துத் தரப்படும்" என்று ஒரு வரி எழுதிவிட்டு, வாடகையில் நூறோ இருநூறோ கூட்டிக் கேளுங்கள். கணக்குத் தெரிந்த எந்தக் குடித்தனக்காரரும் மறுக்க மாட்டார்.

உங்களிடம் நான் கேட்பது இதுதான். வரும் கோடையில் ஒரு நாள், கத்திரி வெயில் நடக்கும்போது, இரவு பத்து மணிக்கு மேல் வீட்டுக் கதவைத் தட்டி உள்ளே வாருங்கள். வாடகைக்காக வேண்டாம், சும்மா வாருங்கள். மோர் தருவோம். ஸ்டூல் போட்டுத் தருகிறோம், ஏறி சீலிங்கில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். அதற்கு முன்பே, இந்த மாசியிலேயே செய்துவிடலாம் என்று தோன்றினால் இன்னும் நல்லது. ஒரு சனிக்கிழமை மாலை மாடிச் சாவியைக் கொடுங்கள். துடைப்பமும் டிரம்மும் எங்களிடம் இருக்கின்றன, ஆட்களும் நாங்களே. கூரை உங்களுடையது என்பதால் சுண்ணாம்புச் செலவும் உங்களுடையது என்றுதான் நான் நினைக்கிறேன். கை கடிக்கிறது என்றால் பாதிப் பாதி போட்டுக்கொள்வோம்.

இப்படிக்கு,
உங்கள் மேல் வீட்டில் குடியிருக்கும் ஒருத்தி,
அம்பத்தூர், சென்னை.